மேற்பார்வையாளரே நடுவரும்: தமிழகக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களில் உறுப்பினர் தாவாக்கள்

முன்னுரை

இந்தியாவின் முதல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் 1904ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. கடன் சங்கங்களை மட்டுமே கருதிய அச்சட்டத்தின் எல்லையை 1912ஆம் ஆண்டுச் சட்டம் விரிவாக்கியதால், வீட்டுவசதி முதலிய பிற நோக்கங்களுக்கும் சங்கங்கள் பதிவுபெற வழி பிறந்தது. ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது இவ்வமைப்பின் அடிப்படை. அவ்வாக்கு நெடுங்காலம் முடங்கிக் கிடந்த தமிழகத்தில், உறுப்பினரின் குறை யார் முன் வைக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தாவாவின் இயல்பு

மும்பை போன்ற பெருநகரங்களில் வீட்டுவசதிச் சங்கம் பெரும்பாலும் அடுக்குமாடிக் கட்டடத்தின் உரிமையாளராக விளங்குகிறது. பராமரிப்புக் கட்டணம், வாகன நிறுத்துமிடம், உரிமை மாற்றம் ஆகியனவே அங்குப் பூசலுக்கு வித்திடுகின்றன. தமிழகத்திலோ கடன் வழங்கும் சங்கங்களே மிகுதி. தமிழ்நாடு கூட்டுறவு வீட்டுவசதி இணையம் தொடக்கச் சங்கங்களுக்குக் கடன் அளிக்க, அவை உறுப்பினரின் மனையை அடமானமாகப் பெற்று வீடு கட்டக் கடன் வழங்கின. ஆகவே, சங்கத்தின் உடைமையாளராகிய உறுப்பினரே அதன் கடனாளியுமாகிறார். வட்டிக் கணக்கு, தவணைப் பாக்கி, பத்திரத்தைத் திரும்பப் பெறுதல் ஆகியவை தாவாவின் பொருளாகின்றன. வேலூர், ஆம்பூர் தோல்தொழில் வட்டாரத்தில், திமிரி போன்ற பேரூரில் வாழும் தொழிலாளிக்கு அப்பத்திரமே பெருஞ்சொத்து.

தேர்தலற்ற ஆண்டுகள்

1976ஆம் ஆண்டின் தனி அலுவலர்கள் நியமனச் சட்டத்தால், தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்களின் இடத்தில் அரசு அலுவலர்கள் அமர்ந்தனர். 1996இல்தான் பரவலாகத் தேர்தல் நடைபெற்றது. 2001இல் குழுக்கள் மீண்டும் நீங்கின. தனி அலுவலர்கள் திரும்பினர். 2013இல் மாநிலந்தழுவிய தேர்தல் நடந்தது. ஆட்சி மாற்றங்களையொட்டிச் சங்க நிர்வாகமும் மாறிய இக்காலத்தில், தவறிழைத்த நிர்வாகத்தை வாக்கால் அகற்றும் வாய்ப்பு உறுப்பினருக்கு அரிதாகவே கிட்டியது.

பதிவாளரின் இரட்டைப் பொறுப்பு

1988 ஏப்ரல் 13 அன்று நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983, பிரிவு 90இன்படி, சங்கத்தின் அமைப்பு, மேலாண்மை, தொழில் பற்றிய தாவாக்கள் பதிவாளரிடம் செல்கின்றன. உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பிரிவு 156 விலக்குகிறது. விசாரணைக்கு ஆணையிடுதல் (பிரிவு 81), தண்டத்தீர்வை விதித்தல் (பிரிவு 87), நிர்வாகக் குழுவைக் கலைத்தல் (பிரிவு 88) ஆகியனவும் பதிவாளரின் அதிகாரங்களே. தனி அலுவலரின் செயலை எதிர்க்கும் உறுப்பினர், அவ்வலுவலரை மேற்பார்வையிடும் துறையிடமே நீதி கோர நேர்கிறது.

பிற வழிகளும் குறுகியவையே. உறுப்பினரானவர் சங்கத்தின் வாயிலாகவே பேச இயலும் என்று உச்சநீதிமன்றம் 1985இல் தாமன் சிங் வழக்கில் கருதியது. கூட்டுறவுச் சங்கம் பொதுவாக 'அரசு' ஆகாது. அதற்கெதிரான நீதிப்பேராணை விதிவிலக்கான சூழல்களிலேயே பொருந்தும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2006இல் தீர்ப்பளித்தது. நிர்வாகத்தில் அரசின் கை ஓங்கியிருந்தும், வழக்கு மன்றத்தில் சங்கம் தனியார் அமைப்பாகவே நிற்கிறது.

பிரிவு 90 செலவு குறைந்த, விரைவான தீர்வுக்கென அமைந்தது என்பதும், மேல்முறையீட்டுக்குத் தீர்ப்பாயம் உண்டு என்பதும் உண்மையே. எனினும், முதல் விசாரணையிலேயே சான்றுகள் திரட்டப்படுவதால், அந்நிலையில் நடுநிலை இன்றியமையாதது.

முடிவுரை

97ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நிர்வாகக் குழுவின் பதவிக்காலத்தை ஐந்தாண்டாக வரையறுத்தது. மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அதன் 9ஆ பகுதி செல்லாதென 2021 ஜூலை 20 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, சீர்திருத்தப் பொறுப்பு மாநிலச் சட்டமன்றத்தையே சார்கிறது. தனிமனிதர் நேர்மையைவிட, மேற்பார்வையும் நடுவர் பணியும் ஒரே துறையில் குவிந்திருப்பதே இங்கு அடிப்படைச் சிக்கல். அவ்விரண்டையும் பிரிப்பதும், உரிய காலத்தில் தேர்தல் நடத்துவதும், வாக்குரிமைக்கு மெய்ப்பொருள் தரும்.