ஓலைப் பை கொண்டுவந்த வெள்ளம்

'கோனு'ன்னா என்னன்னு தெரியுமா மக்களே? மாலத்தீவுக்காரங்க பேசற திவேஹி மொழியில ஓலையால முடைஞ்ச பைன்னு அர்த்தம். நம்ம ஊர்ல ஓலைக்கொட்டான்னு சொல்லுவோமே, கிட்டத்தட்ட அது. இந்தியப் பெருங்கடலோட வடபகுதியில உருவாகற புயலுக்கு இந்தப் பக்கத்து நாடுகள் முறை வச்சுப் பேர் கொடுக்கறது 2004-ல ஆரம்பிச்சது. மாலத்தீவு கொடுத்த அந்தச் சாதுவான பேர், அரபிக்கடல்ல அதுவரைக்கும் பதிவானதிலேயே பயங்கரமான புயல் தலையில போய் உக்காந்துச்சு. 2007 ஜூன் மாசம். 2019-ல கியார் வந்து அதோட சரிசமமா நின்னது வேற கதை.

கோனு பத்தி தமிழ்ல அதிகம் எழுதினதா தெரியல. ஆனா அந்த வாரம் மஸ்கட்ல இருந்த தமிழங்க எண்ணிக்கை கொஞ்சநஞ்சமில்ல. அதுல ஒருத்தர் எங்க மாமா, அம்மாவோட தம்பி. ரூவியில ஒரு ரூம்ல ஆறு பேர். சங்கரன்கோவில், புளியங்குடி, தென்காசி, நாகர்கோவில்னு எல்லாம் தெக்கத்தி ஆளுங்க. இன்னைக்கும் அதுல ரெண்டு பேர் சேர்ந்தாப் போதும், பேச்சு சுத்திச் சுத்தி கோனுவுக்கு வந்துடும். அப்ப எனக்குப் பத்து வயசு கூட ஆகல. வளர்ந்தப்புறம் அவங்க பேச்சைக் கேட்டு, கிடைச்சதெல்லாம் தேடிப் படிச்சு எழுதறதுதான் இது.

முதல்ல புயல் கணக்கு. வங்காள விரிகுடாவுல நாலு புயல்னா அரபிக்கடல்ல ஒண்ணுங்கறது பழைய கணக்கு. அந்த ஒண்ணும் பெரும்பாலும் அரேபியாக் கரைக்குப் போறதுக்குள்ள வறண்ட காத்து பட்டு சோர்ந்துடும். அதனால ஓமான்ல இருந்தவங்களுக்குப் புயல்னா ஒரு செய்திதான், அனுபவம் இல்ல. 1890 ஜூன்ல ஒரு புயல் எழுநூறு பேருக்கு மேல கொன்னுட்டுப் போயிருக்கு. ஆனா நூத்திப் பதினேழு வருசத்துக்கு முந்தின விஷயத்தை யாருங்க ஞாபகம் வச்சிருப்பா? அதுலயும் ரெண்டு வருச விசாவுல வந்த ஆளுக்கு அதைச் சொல்ல யார் இருக்கா?

ஜூன் 1 வாக்குல உருவாகி, 4-ம் தேதி இந்திய வானிலைத் துறைக் கணக்குப்படி மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்துக்குப் போச்சு. கரைக்கு வரும்போது நல்லாவே பலம் குறைஞ்சிருந்தது, இல்லன்னா கதையே வேற. ஓமானோட கிழக்கு முனையான ராஸ் அல் ஹத் பக்கம் தொட்டுட்டு, 6-ம் தேதி மஸ்கட்டை ஒட்டி ஓமான் வளைகுடாவுக்குள்ள நுழைஞ்சு ஈரான் பக்கம் போய் ஒழிஞ்சது. மசீரா தீவுல இருந்து சுமார் 7,000 பேரை முன்கூட்டியே வெளியேத்தியிருந்தாங்க. அப்படியும் ஓமான்ல சுமார் 50 பேர் செத்தாங்க. சேதம் 400 கோடி டாலர்னு கணக்கு.

மஸ்கட்டைக் கெடுத்தது காத்து இல்ல, தண்ணி. அதுவும் கடல்தண்ணி மட்டும் இல்லீங்க, மலைத்தண்ணி!

மஸ்கட் மலைக்கும் கடலுக்கும் நடுவுல இடுக்குல உக்காந்திருக்கற ஊர். மலையில இருந்து கடலுக்கு வர்ற வறண்ட ஆத்துக்கு அரபியில 'வாடி'ன்னு பேர். (வீட்டம்மாவைக் கூப்பிடறேன்னு நெனச்சுடாதீங்க, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல :-)) வருசம் பூரா காஞ்சு கிடக்கும். காஞ்சு கிடக்குதேன்னு மேலயே ரோடு போட்டாங்க, பக்கத்துல கட்டடம் கட்டினாங்க, கார் நிறுத்தினாங்க. கோனு மழையில வாடி அதை (இது ஒரு வாடியோட பேர்) பொங்கி வந்துச்சு. குரும் பக்கத்துல கடைகள், பூங்கா எல்லாம் முங்கிப் போச்சு. கார்கள் தக்கை மாதிரி மிதந்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடந்ததை மாமா சொல்லுவார்.

எங்க ஊர் கரிவலம்வந்தநல்லூர்ல நிட்சேப நதின்னு ஒண்ணு உண்டு. பேர்தான் நதி. வருசத்துல முக்காவாசி நாள் மணலும் சீமைக்கருவேலையும்தான். இந்தப் பக்கத்துப் பஞ்சபூதத் தலங்கள்ல எங்க பால்வண்ணநாதர் கோவில் நெருப்புத் தலம். சித்திரை வெயில்ல ஒரு தடவை ஊருக்கு வந்தவங்க ஏன்னு கேக்க மாட்டாங்க. ஆனா மலையில மழைன்னா அதே நதி எப்படி வரும்னு பெருசுங்களுக்குத் தெரியும். "காட்டாத்தை நம்பி கட்டில் போடாதல"ன்னு எங்க தாத்தா சொல்லுவார். மாமா மஸ்கட் போன புதுசுல அந்த வாடியைப் பாத்ததுமே, "மருமவனே, இது நம்ம ஊர் ஆறுதாம்ல, பேருதான் வேற"ன்னு தோணுச்சாம். தோணி என்ன செய்ய? கம்பெனி கொடுத்த ரூம்லதான் இருக்கணும்.

சரி, புயல் போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் நான் சொல்ல வந்த விஷயமே.

மஸ்கட்ல குடிக்கற தண்ணி பெரும்பகுதி கடல்ல இருந்து உப்பைப் பிரிச்சு எடுக்கறதுதான். அந்தச் சமயத்துல ஊருக்குத் தண்ணி கொடுத்த பெரிய நிலையங்கள் ரெண்டு, குப்ராவுல ஒண்ணு, பர்காவுல ஒண்ணு. குப்ராவுக்கு எரிவாயு வர்றது நின்னு போச்சு. பர்காவுல வெள்ளம் புகுந்துடுச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல அவுட். எங்க சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, ரெண்டு சர்வர் வச்சிருந்தும் ரெண்டையும் ஒரே மின்கம்பியில சொருகி வச்ச மாதிரி. பேக்கப்னு நாம நெனைக்கறது பல நேரம் இப்படித்தான் இருக்கு.

சுத்திலும் தண்ணி, குழாய்ல ஒரு சொட்டு கிடையாது. கரண்ட் இல்லாததால மாடித் தொட்டிக்கு மோட்டார் போடவும் வழியில்ல. ஜூன் மாச மஸ்கட், நாப்பது டிகிரிக்கு மேல, ஏசி ஓடாத அறையில ஆறு பேர். நெனச்சுப் பாருங்க.

இந்த இடத்துலதான் எங்க கரிசக்காட்டு ஆளுங்க கில்லாடி ஆயிட்டாங்க :-) புயல் எச்சரிக்கை வந்த அன்னைக்கே புளியங்குடிக்காரர் ரூம்ல இருந்த பக்கெட், குக்கர், டிபன் டப்பா ஒண்ணு விடாம தண்ணி பிடிச்சு வச்சுட்டாராம். மத்தவங்க கேலி பண்ணியிருக்காங்க. மூணாவது நாள் பக்கத்து ரூம்காரங்க எல்லாம் அவர்கிட்ட ஒரு சொம்பு கேட்டு வந்து நின்னாங்க. பாத்திரம் கழுவுன தண்ணி கக்கூசுக்கு. குளியல் கிடையாது, ஈரத்துண்டுதான். அங்க குடிதண்ணி லாரிக்கு நீலக் கலர். அந்தக் கலர் எங்க தெரிஞ்சாலும் கேனைத் தூக்கிக்கிட்டு ஓடினோம்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. தெருவுல நாலு குடத்துக்காகக் காத்துக்கிடந்த ஊர்ல பொறந்தவனுக்கு அந்த வரிசை ஒண்ணும் புதுசில்ல. அதுல இருந்து தப்பிக்கத்தான் கடல் தாண்டிப் போனான்ங்கறதுதான் வயித்தெரிச்சல்.

பெரும்பாலான இடங்களுக்கு அஞ்சாறு நாள்ல தண்ணி திரும்பிடுச்சு. அமராத், குரியாத் பக்கம் இன்னும் இழுத்துச்சு. உண்மையைச் சொல்லணும்னா அந்த அரசாங்கம் வேகமாத்தான் வேலை பாத்திருக்கு.

ஆனா 'இயல்பு வாழ்க்கை'ங்கறது ஆளுக்கு ஆள் வேற. தென்காசிக்காரர் ஒரு தையல்கடையில வேலை. மெஷின் எல்லாம் சேத்துல. கடை திறக்கற வரைக்கும் சம்பளம் இல்லன்னுட்டாங்களாம். வேற கடைக்குப் போகலாமேன்னா, அப்பல்லாம் பழைய முதலாளி தடையில்லாச் சான்று கொடுக்காம மாற முடியாது. அந்த விதியை ஓமான் எடுத்தது 2021 ஜனவரியிலதான். ஊர்லயோ ஜூன் மாசம் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டற நேரம். அவர் அந்த மாசம் வீட்டுக்கு போன் பண்ணி, "இங்க லேசா மழை, அவ்வளவுதான்"னு சொன்னாராம். பணம் ஏன் வரலைன்னு கேட்டதுக்கு பேங்க்ல கம்ப்யூட்டர் வேலை செய்யலைன்னு ஒரு புளுகு. மத்த அஞ்சு பேரும் தலைக்குக் கொஞ்சம் போட்டு அவர் பேர்ல அனுப்பியிருக்காங்க. இன்னைக்கு வரைக்கும் அவர் வீட்டம்மாவுக்கு அந்தக் கதை தெரியாதாம். (ஊர் பேரைத் தவிர வேற எதுவும் சொல்லலை, தப்பிச்சேன்.)

ராத்திரி கரண்ட் இல்லாம மொட்டை மாடியில உக்காந்து என்ன பேசுவீங்கன்னு மாமாகிட்ட கேட்டேன். ஊருக்குத் திரும்பிடலாமா, அதைத்தான் முதல் நாள் பூரா பேசினாங்களாம். ரெண்டாவது நாள் யார் யாருக்கு எவ்வளவு கடன்னு பேச்சு வந்துச்சு. அதோட திரும்பற பேச்சு முடிஞ்சது. மூணாவது நாள்ல இருந்து 'சிவாஜி' படம் பத்திப் பேச்சு! ஜூன் 15 ரிலீஸ். சேறு வழிச்சுக்கிட்டே தலைவர் மொட்டை பாஸ் பத்தி விவாதம் நடந்திருக்கு. தமிழன் தமிழன்தான்யா.

புயலுக்கப்புறம் ஓமான் அணைகள்ல நெறய காசு போட்டுச்சு. குரியாத் பக்கம் வாடி தைக்கா அணை 2006-லயே ஆரம்பிச்ச வேலை, 2012-ல முறைப்படி திறந்தாங்க. 10 கோடி கனமீட்டர் தண்ணி பிடிக்கும். மஸ்கட்டை ஒட்டின வாடிகள்லயும் வெள்ளத்தடுப்பு அணைகள் வந்துச்சு. 2010-ல பெட், 2018-ல சலாலாவுல மேகுனு, 2021 அக்டோபர்ல ஷாஹீன்னு வரிசையா வந்தப்போ எச்சரிக்கையும் வெளியேத்தமும் எவ்வளவோ மேல். ஷாஹீன்ல உயிரிழப்பு கோனுவைவிட ரொம்பக் குறைவு. ஆனா அந்தக் குறைவான கணக்குல முதல்ல வந்த செய்தி எது தெரியுமா? ருசைல் தொழிற்பேட்டையில தொழிலாளர் குடியிருப்பு மேல மலைச்சரிவு விழுந்து ரெண்டு ஆசியத் தொழிலாளிங்க செத்தது. மலையடிவாரத்துல யாரைத் தங்க வைக்கறோம்ங்கறதுக்கு எந்த அணையும் பதில் சொல்லாது.

அந்த ஆறு பேர்ல இப்ப ஒருத்தர்தான் அங்க இருக்கார், அந்தப் புளியங்குடிக்காரர். 2023 டிசம்பர் 17, 18-ல திருநெல்வேலி, தூத்துக்குடி வெள்ளம் வந்துச்சே, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டினப்போ, அவர் மஸ்கட்ல இருந்து மாமாவுக்கு போன் போட்டார். ஸ்பீக்கர்ல போட்டதால நானும் கேட்டேன். எப்படி இருக்கீகன்னெல்லாம் விசாரிக்கல. "ஏ மாப்ள, கரண்ட் இருக்கும்போதே குக்கர்ல கூட தண்ணி பிடிச்சு வச்சிரு, சொல்லிட்டேன்." அவ்வளவுதான், வச்சுட்டார்.