மணலில் இழுத்த நான்கு விரல்கள்

1948-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இருந்த ட்ரெக்ஸல் கல்லூரிக்கு ஒரு மளிகைக் கடைத் தொடரின் தலைவர் வந்தார். பில் போடும் இடத்தில் கூட்டம் தேங்குவது அவருக்குத் தீராத தலைவலி. சரக்கின் விவரத்தைத் தானாகவே படித்துக்கொள்ளும் கருவி ஒன்றைச் செய்து தர முடியுமா என்று டீனிடம் கேட்டார். டீன் கையை விரித்துவிட்டார். ஆனால் அந்தப் பேச்சு பெர்னார்ட் சில்வர் என்ற மாணவரின் காதில் தற்செயலாக விழுந்துவிட்டது.

சில்வர் அதைத் தன் நண்பர் நார்மன் ஜோசப் உட்லண்டிடம் சொன்னார். புற ஊதா ஒளியில் மின்னும் மையை முதலில் முயன்று பார்த்தார்கள். மை மங்கியது, விலையும் கட்டுப்படியாகவில்லை. உட்லண்டுக்கு விட மனமில்லை. கல்லூரி வேலையை உதறிவிட்டு மயாமியில் தாத்தா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். 1949 ஜனவரியில் ஒரு நாள் கடற்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்த குறியீடு சாரணர் படையில் கற்ற மோர்ஸ் மட்டும்தான். ஏதோ யோசனையில் நான்கு விரல்களை மணலில் ஊன்றித் தன் பக்கம் இழுத்தார். புள்ளிகளும் கீற்றுகளும் நீண்டால் தடித்த கோடுகளும் மெல்லிய கோடுகளும் கிடைக்குமே என்று பொறிதட்டியது. குறியீடு கிடைத்துவிட்டது. அதை எதைக்கொண்டு படிப்பது?

கோடுகளை வட்டமாக வளைத்து 1952 அக்டோபரில் இருவரும் காப்புரிமை பெற்றார்கள். படிக்கும் கருவியோ மேசை அளவுக்கு இருந்தது. உள்ளே 500 வாட் பல்பு. அந்தச் சூட்டில் கோடு போட்ட காகிதம் புகையத் தொடங்கியது. ஆனாலும் காகிதம் கருகும்போதே அலைக்காட்டியின் திரையில் கோடு அசைந்தது. கருவி படித்துவிட்டது! இருந்தும் அதை வாங்க ஆளில்லை. கடைசியில் 1962-இல் காப்புரிமை வெறும் 15,000 டாலருக்கு விலைபோனது. மறு வருஷம் சில்வர் இறந்தார். 1969-இல் காப்புரிமையும் காலாவதியானது. கோடுகளைப் படிக்கும் லேசர் மலிவாகிக் கடைக்குள் நுழையும் வேளையில், கண்டுபிடித்தவர்களுக்கு உரிமையே மிஞ்சவில்லை.

வட்டக் கோடுகளை அச்சடிக்கும்போது மை ஈஷியது. ஐ.பி.எம். பொறியாளர் ஜார்ஜ் லாரர் வட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு நேர்க்கோடுகளாக நிறுத்தினார். 1974 ஜூன் 26 காலை, ஒஹாயோ மாநிலத்தின் ட்ராய் நகரில் மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் ரிக்லி சூயிங்கம் பாக்கெட் ஒன்று லேசருக்கு மேலே நகர்ந்தது. விலை 67 சென்ட். மளிகைக்காரரின் தலைவலி தீர 26 வருஷம் பிடித்தது. பார்கோடின் கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஒரு நர்ஸ் வாடகைக் கார் எடுக்காமல் இருந்திருந்தால்.

அந்தக் காலத்தில் மருத்துவமனை வார்டில் மருந்து கொடுப்பது முழுக்க முழுக்கக் கண்ணையும் நினைவையும் நம்பிய வேலை. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்து சரிகளைப் பயிற்சிக் காலத்திலேயே நர்ஸுகளை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள். மனப்பாடத்தில் குறையில்லை. டாக்டரின் கையெழுத்து, ஒரே சாயலில் இரண்டு மருந்துக் குப்பிகள், பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் ஒரே பெயரில் இரண்டு பேர், நைட் டியூட்டியின் தூக்கம் எல்லாம் சேர்ந்துகொண்டால் ஐந்தில் ஒன்று நழுவிவிடும். நழுவியது நோயாளியின் உடம்புக்குள் போன பிறகுதான் தெரியும்.

கான்சாஸ் மாநிலத்தின் டொபீகாவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தவர் சூ கின்னிக். 1992-இல் அவர் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அங்கிருந்த ஊழியர் கையடக்கக் கருவியால் காரில் ஒட்டியிருந்த கோடுகளைத் தடவினார். கணக்கு நொடியில் முடிந்தது. காருக்கு இதைச் செய்ய முடிந்தால் மருந்துக்கும் செய்யலாமே என்று கின்னிக்குக்குத் தோன்றியது. வீடு திரும்பியதும் அவர் அதை மறந்துவிடவில்லை.

டொபீகாவின் நர்ஸுகளும் மருந்தாளுநர்களும் கணினிக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையில் ஒரு பார்கோடு, மருந்தில் ஒரு பார்கோடு. நர்ஸ் இரண்டையும் ஸ்கேன் செய்தால், டாக்டர் எழுதிய உத்தரவோடு கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் திரையில் எச்சரிக்கை வரும். ஆனால் ஒரு வேளைக்குரிய மாத்திரை உறைகள் பலவற்றில் கம்பெனிகள் பார்கோடே போடவில்லை. சூயிங்கத்துக்கு இருந்தது, உயிர்காக்கும் மருந்துக்கு இல்லை! ஒவ்வொரு மாத்திரைக்கும் மருத்துவமனையே லேபிள் அடித்து ஒட்ட வேண்டியிருந்தது. இத்தனை பாடு தேவையா என்று யாரும் கேட்டிருக்கலாம். பதில் பாஸ்டனிலிருந்து வந்தது.

1995-இல் அங்கே இரண்டு பெரிய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு வெளியானது. மருந்தை எழுதும் கட்டத்தில் நேர்ந்த தவறுகளில் 48 சதவீதத்தை யாராவது இடையில் பிடித்திருந்தார்கள். பிடித்தவர்களில் பெரும்பாலானோர் நர்ஸுகள். மருந்தைக் கொடுக்கும் கட்டத்தில் நேர்ந்தவற்றில் பிடிபட்டது பூஜ்யம். டாக்டரின் பிழையைப் பிடிக்க நர்ஸ் இருந்தார், நர்ஸின் பிழையைப் பிடிக்க அவருக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. கின்னிக்கின் கோடுகள் போய் நின்றது அந்தக் காலி இடத்தில்தான்.

பிறகு வேகம் பிடித்தது. முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 1999 முதல் நாடெங்கும் இதைக் கொண்டுவந்தன. மருத்துவமனைகளில் பயன்படும் மருந்துகளுக்குப் பார்கோடு கட்டாயம் என்று 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விதி போட்டது. எல்லாம் சுபம் என்று தோன்றியபோது, ஆய்வாளர்கள் சிலர் வார்டுக்குள் நுழைந்து நர்ஸுகளின் இடுப்பில் தொங்கிய சாவி வளையங்களைக் கவனித்தார்கள்.

வளையத்தில் கோத்திருந்தவை நோயாளிகளின் பார்கோடு நகல்கள்! கதவு நிலையிலும் கணினி ட்ராலியிலும்கூட ஒட்டியிருந்தன. படுக்கையருகே போகாமலே நோயாளியை ‘ஸ்கேன்’ செய்துவிடலாம். ஐந்து மருத்துவமனைகளைப் பார்த்து 2008-இல் வெளியான அந்த ஆய்வு இப்படி 15 வகைக் குறுக்குவழிகளைப் பட்டியலிட்டது. காரணங்கள் 31. நனைந்த பட்டை, நோயாளி மென்று துப்பிய பட்டை, கசங்கிய லேபிள், தீர்ந்துபோன பேட்டரி, எட்டாத வைஃபை. குறுக்குவழி தேடிய நர்ஸைக் கண்டிப்பது சுலபம். நோயாளி வலியில் துடிக்கும்போது ஸ்கேனர் முரண்டு பிடித்தால் அவர் வேறென்ன செய்வார் என்பதையும் அந்தப் பட்டியலே சொன்னது.

அப்படியானால் முயற்சி தோற்றதா? 2010-இல் பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையிலிருந்து கணக்கு வந்தது. நேரம் தவறியவற்றை விட்டுவிட்டுப் பார்த்தால், மருந்து கொடுப்பதில் பிழை விகிதம் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாக இறங்கியிருந்தது. இன்று பெரிய மருத்துவமனைகளில் படுக்கையருகே கேட்கும் ‘பீப்’ இப்படித்தான் பிறந்தது.

ஒன்றை மட்டும் அந்த ‘பீப்’ இன்னும் கற்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு, சிறுநீர்த் தொற்றுக்காகக் கோ-ட்ரைமாக்ஸசோலையும் எழுதினால் ரத்தக்கசிவு வரை போகலாம். ஆள் சரி, மருந்து சரி, நேரம் சரி. ஸ்கேனர் இரண்டையும் அனுமதிக்கும். மருந்துக்கு மருந்து ஆகாது என்ற எச்சரிக்கை டாக்டர் உத்தரவைப் பதியும் கணினியில் வருவது. அங்கே வரும் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை டாக்டர்கள் தள்ளிவிட்டுப் போவதாக 2006-இல் ஒரு தொகுப்பாய்வு கண்டது. ஆகவே வார்ஃபரின் பட்டியலில் புதிதாக ஓர் ஆன்டிபயாடிக் முளைத்தால், ஸ்கேனர் சரியென்ற பிறகும் டாக்டருக்குப் போன் போட்டு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனையில் கடைசி அளவு எவ்வளவு, அடுத்தது எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்பது நர்ஸின் வேலையாகவே நிற்கிறது.