குழலுக்குள் ஒரு சந்தேகம்

நம்மூரில் சிலர் பழைய புல்லட் மோட்டார் சைக்கிளை வாங்கி, பெயின்ட்டைச் சுரண்டி, ஸ்பேருக்காக ஊர் ஊராக அலைவார்கள் இல்லையா? அமெரிக்காவில் அதே பைத்தியம் பழைய ராணுவத் துப்பாக்கிகள் மீது உண்டு. பட்டாளம் கழித்துப் போட்ட உபரிச் சரக்கை வாங்கி வருவார்கள். வருஷக்கணக்கில் காய்ந்துபோன கிரீஸைக் கரைப்பார்கள். மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பார்கள். துருவைப் பதமாக எடுக்க எடுக்க, இரும்பில் அடித்த முத்திரை மெல்லத் தெரியும். அதில் ஒரு பரம திருப்தி!

அப்படித் தெரியும் முத்திரைகளில் ஒன்று, இஷாப்பூர். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் நம்முடைய ரைஃபிள் தொழிற்சாலைதான். அங்கே செய்த லீ என்ஃபீல்ட் .303 ரைஃபிள்கள் இரண்டு உலகப் போர்களைப் பார்த்தவை. சுதந்திரத்துக்குப் பிறகு நம் போலீஸ்காரர்களின் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கியவை.

இப்போது அதே ரைஃபிளை, வில்லியனூரிலோ பாகூரிலோ இருக்கும் ஒருவர் வாங்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடியாது! ராணுவத் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய ரைஃபிள் 'தடை செய்யப்பட்ட' ரகம். சாதாரண லைசன்ஸ் அதற்குச் செல்லாது. 2019-ல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டப்படி, அனுமதியில்லாமல் அதை வைத்திருந்தால் குறைந்தது 7 வருஷம், அதிகபட்சம் 14 வருஷம் உள்ளே இருக்க வேண்டியதுதான்.

நம்மூரில் செய்த துப்பாக்கியை அமெரிக்கன் வாங்கலாம், நாம் வாங்கக் கூடாது. ஏன் இப்படி? பதில் தேட, பாகூருக்கே போகலாம்.

1752 ஆகஸ்ட். பாகூரில் பிரிட்டிஷாருக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் சண்டை. அந்தப் பக்கம் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ், இந்தப் பக்கம் டூப்ளேயின் உறவினரான கெர்ஜான். ஜெயித்தது லாரன்ஸ். இரண்டு படைகளிலும் நம்மூர் சிப்பாய்கள் இருந்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். வெள்ளைக்காரர்கள் நம் ஆட்களுக்குத் துப்பாக்கி கொடுத்து, அணிவகுக்கச் சொல்லிக் கொடுத்துத்தான் இங்கே ராஜ்யம் பிடித்தார்கள்.

அப்போது சிப்பாய் மீது நம்பிக்கை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்காக ஒரு மஸ்கட் மாடல் வைத்திருந்தது. 1790-களில் பிரான்ஸோடு யுத்தம் முற்றி, துப்பாக்கிப் பஞ்சம் வந்தபோது, பிரிட்டிஷ் ராணுவமே அந்த 'இந்தியா பேட்டர்ன்' துப்பாக்கியை எடுத்துக்கொண்டது. மதராஸ் சிப்பாய் பிடித்த ரகத்தைத்தான் நெப்போலியனை எதிர்த்த ஆங்கிலேயச் சிப்பாயும் பிடித்தான்!

நம்பிக்கை எல்லாம் சம்பளம் வாங்கும் சிப்பாயிடம் மட்டும்தான். ஊர் ஜனங்களிடம் இல்லை. கட்டபொம்மன், ஊமைத்துரை, மருது சகோதரர்கள் என்று அடுத்தடுத்து மோதிப் பார்த்த கம்பெனி, 1801 டிசம்பரில் தென்சீமைப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கவே தடை போட்டது.

1857-ல் சிப்பாயே திரும்பி நின்றான். அதோடு எல்லாம் தலைகீழ்.

ரைஃபிள் என்றால், குழலுக்குள் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கும். குண்டு சுழன்றுகொண்டே போவதால் குறி தப்பாது. கலகத்துக்குப் பிறகு பிரிட்டிஷார் என்ன செய்தார்கள் தெரியுமா? வெளியே பார்த்தால் என்ஃபீல்ட் ரைஃபிள் போலவே இருக்கும், உள்ளே பள்ளமே இல்லாத துப்பாக்கியைச் செய்து இந்தியச் சிப்பாய்க்குக் கொடுத்தார்கள். சட்டை ஒன்றுதான், உள்ளே சரக்கு வேறு. அப்புறமும் இந்தியச் சிப்பாய் ஒரு தலைமுறை பின்தங்கியே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். 1878-ல் ஆரம்பித்த ஆப்கன் யுத்தத்தில் வெள்ளைக்காரன் கையில் புது மார்ட்டினி ஹென்றி. நம் ஆள் கையில் பழைய ஸ்னைடர்.

அதே 1878-ல்தான் ஆயுதச் சட்டமும் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசன்ஸ் வாங்க வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம்! அகிம்சை பேசிய காந்தியே தன் சுயசரிதையில், பிரிட்டிஷ் ஆட்சியின் பாவங்களிலேயே மிகக் கறுப்பானதாக இந்தச் சட்டத்தைச் சொல்கிறார்.

ஆனால் அந்தச் சட்டம் வில்லியனூர், பாகூர் எல்லையோடு நின்றுவிட்டது. தென்னாற்காடு மாவட்டத்துக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது பிரெஞ்சு மண். 1814 பாரீஸ் உடன்படிக்கைப்படி பிரெஞ்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டக் கூடாது. போலீஸ் வேலைக்குத் தேவையானதற்கு மேல் படை வைக்கக் கூடாது. சர்க்காருக்கே கட்டுப்பாடு. இருந்தாலும் பிரிட்டிஷ் போலீஸும் ஆயுதச் சட்டமும் உள்ளே நுழைய முடியாது. வ.வே.சு. ஐயர் 1910-ல் வந்து சேர்ந்த இடம் இது. வாஞ்சிநாதன் சுடப் பழகிய இடமும் இதுதான். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் மீது வெடித்தது ஒரு பெல்ஜியம் பிஸ்டல்.

பிரிட்டிஷாருக்குச் சந்தேகம் தீரவே இல்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு இஷாப்பூரில் ஒரு வேலை நடந்தது. நல்ல .303 ரைஃபிள்களை எடுத்து, குழலில் பள்ளமில்லாமல் செய்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போடலாம் என்று மாற்றி, போலீஸுக்கும் சிறைக் காவலுக்கும் கொடுத்தார்கள். பெயர் .410 மஸ்கட். திருடு போனாலும் ராணுவ ரைஃபிளாக அது பயன்படாது. நன்றாக இருப்பதைப் 'பழுதாக்கும்' ரிப்பேர் இது ஒன்றுதான் இருக்கும்!

சரி, 1947-ல் வெள்ளைக்காரன் போனான். 1954 அக்டோபர் 18-ல், வில்லியனூருக்குப் பக்கத்துக் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்டார்கள். பிரெஞ்சுக்காரனும் போனான். சந்தேகம் மட்டும் போகவில்லை. 1959-ல் நாமே எழுதிய ஆயுதச் சட்டத்தில் வெள்ளையனுக்குச் சலுகை இல்லை. ராணுவ ரகம், பொதுமக்கள் ரகம் என்ற பிரிவினை தங்கிவிட்டது. லைசன்ஸ்தாரர்களுக்கு அரசுத் தொழிற்சாலை செய்யும் .315 ரைஃபிளைப் பாருங்கள். .303-ன் கூடப்பிறந்த தம்பி மாதிரி இருக்கும். ஆனால் குழல் அளவு வேறு. அண்ணனின் தோட்டா தம்பிக்குச் சேராது!

இது தப்பு என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. கண்டவன் கையிலும் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கப் பள்ளிக்கூடங்களைப் பார்த்தால் தெரியும். பாகூரில் அப்படி ஒரு செய்தி வராமல் இருப்பதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். கசப்பான விஷயம், நம்மை அடக்கப் பிறந்த சந்தேகம், நம்மைக் காக்கவும் பயன்படுகிறது.

.303-க்கும் வயதாகிவிட்டது. 2008 மும்பைத் தாக்குதலின்போது, ஏ.கே. 47-க்கு எதிரே அதைத் தூக்கிக்கொண்டு நின்ற போலீஸ்காரர்களை நாடே பரிதாபமாகப் பார்த்தது. 2020 குடியரசு தினத்தில் உத்தரப்பிரதேச போலீஸ் அதற்கு முறைப்படி விடை கொடுத்தது.

கடைசியாக ஒரு விஷயம். புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த தாத்தாக்கள் நிறைய உண்டு. உங்கள் வீட்டுப் பரணில் துருப்பிடித்த துப்பாக்கி ஒன்று கண்ணில் பட்டால், உடனே எண்ணெய் பாட்டிலைத் தேடாதீர்கள். ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, சுட முடியாத பழங்காலத் துப்பாக்கிக்கு விலக்கு தருகிறது. ஆனால் 'ரிப்பேர் செய்தாலும் சுட முடியாது' என்றால்தான் விலக்கு. ரிப்பேர் செய்தால் சுடும் என்றால், துருவோடு இருக்கும்போதே அது ஆயுதம்தான். பக்கத்து ஸ்டேஷனில் ஒப்படைப்பதுதான் வழி. அதற்கு முன்னால் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுப் போவது இன்னும் நல்லது.