கையை மீட்கும் பயிற்சி

எர்ணாவூர் உள்ளிட்ட வடசென்னை ஆலைப் பகுதிகளில் இயந்திரத்தில் சிக்கிச் சிதைந்த கைகளுக்குப் புகலிடம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971இல் அங்குத் தொடங்கிய கை அறுவைப் பிரிவு, பின்னர் ஆய்வு மற்றும் மறுவாழ்வு நிலையமாக வளர்ந்தது. 'மறுவாழ்வு' என்னும் சொல் பெயரிலேயே இடம்பெற்றமை கருதத்தக்கது. தைத்து இணைத்த தசைநாண் அசைவின்றிக் கிடப்பின், சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொள்ளும், விரல் மடங்காது. எனவே அறுவையை நிறைவு செய்வது இயன்முறைப் பயிற்சியே.

அசைவை மருத்துவமாகக் கருதும் நோக்கு பழமையானது. இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்-கானூன்' முதற்பாகத்தில், உடல்நலம் பேணும் வழிகளாக 'ரியாளத்' எனும் உடற்பயிற்சியையும் 'தல்க்' எனும் தேய்ப்பையும் வகைப்படுத்தி விளக்கினார்.

தையல் பிரித்ததும் கூலிக்கு விரையும் தொழிலாளி பயிற்சியைக் கைவிட்டால், காப்பாற்றிய கையும் பயனிழக்கும். அந்நாட்களில் அவர் குடும்பத்தைத் தாங்குவதும் சிகிச்சையின் ஒரு பகுதியேயாகும்.