புள்ளி வைத்துப் போட்ட எழுத்து

"ஏதாவது ஒரு வரலாற்றுக் கட்டுரை கொடுங்கள்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். மன்னர்களையும் போர்களையும் பற்றி எழுதப் பேராசிரியப் பெருமக்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது ஓர் எழுத்துருவின் வரலாறு. இன்டர்நெட் பக்கங்களைத் திரையில் படிப்பதற்கென்றே 1990களில் உருவாக்கிய எழுத்துரு அது. "அட, இதிலென்ன இருக்கு? ஏ, பி, சி, டி தானே!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் மாணவத் தம்பி, தங்கைகளுக்கு இதில் ஒரு வேலை காத்திருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 12 பாயின்ட் எழுத்து என்றால் ஓர் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு. ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி வைக்கும் லேசர் பிரின்டரில் அந்த எழுத்தின் உயரத்துக்கு 100 புள்ளிகள் கிடைக்கும். விண்டோஸ் திரையில் அங்குலத்துக்கு 96 என்று கணக்கு. ஆகவே 16 புள்ளி. பழைய மெகின்டாஷில் 72. ஆகவே வெறும் 12 புள்ளி. அதிலும் மேலே நீளும் கொம்புக்கும் கீழே தொங்கும் வாலுக்கும் இடம் விட்டால், சின்ன எழுத்துக்கு மிஞ்சுவது ஏறக்குறைய பாதிதான். ஆங்கிலச் சின்ன 'இ'யை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று படுக்கைக் கோடு, நடுவே இரண்டு இடைவெளி. ஆளுக்கு ஒரு புள்ளி கொடுத்தாலே ஐந்து புள்ளி உயரம் வேண்டும். எங்கே போவது?

அன்றைய திரைகளில் பெருவாரியாகத் தெரிந்தவை காகிதத்துக்கென்று பிறந்த எழுத்துகள். டைம்ஸ் நியூ ரோமன் 1932இல் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்காக உருவானது. காகிதத்தில் ராஜா மாதிரி இருக்கும். திரையில் சின்ன அளவில் போட்டால், மெல்லிய கோடும் தடித்த கோடும் ஒரே ஒரு புள்ளியாகிவிடும். வளைவெல்லாம் படிக்கட்டு ஆகிவிடும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இணையப் பக்கத்தை எழுதுபவர் எந்த எழுத்துருவின் பெயரைச் சொன்னாலும், அது படிப்பவரின் கம்ப்யூட்டரில் இருந்தால்தான் தெரியும். ஆகவே எழுத்துரு நன்றாக இருந்தால் மட்டும் போதாது, எல்லார் வீட்டிலும் இருக்கவும் வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் வர்ஜீனியா ஹௌலெட் என்ற அம்மையார் திரைக்கென்றே ஓர் எழுத்து வேண்டும் என்று முனைந்தார். அந்தப் பொறுப்பு மேத்யூ கார்ட்டரிடம் வந்தது. இவர் 1937இல் லண்டனில் பிறந்தவர். தந்தை ஹாரி கார்ட்டர் அச்சுக்கலை வரலாற்று அறிஞர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மகன் போன இடம் ஹாலந்து நாட்டு ஹார்லெம் நகரிலுள்ள என்ஸ்கெடே அச்சகம். எஃகுத் துண்டின் நுனியில் எழுத்தை இடவலம் மாற்றிக் கையால் செதுக்கும் பழைய தொழிலை அங்கே ஏறக்குறைய ஓராண்டு கற்றார். தொழிலே அந்திமக் காலத்தில் இருந்த நேரம் அது!

அதன்பின் ஒளி அச்சுக்கோப்புக்கு வந்தார். 1965இல் நியூயார்க்கில் லைனோடைப் நிறுவனத்தில் சேர்ந்தார். அமெரிக்க டெலிபோன் டைரக்டரிக்காக அவர் செய்த 'பெல் சென்டென்னியல்' 1978இல் வெளிவந்தது. மிகப் பொடி எழுத்து, மட்டமான காகிதம், அசுர வேகத்தில் ஓடும் மெஷின் என்று மூன்று கஷ்டங்களும் சேர்ந்த வேலை. கோடுகள் கூடும் மூலைகளில் கார்ட்டர் வேண்டுமென்றே சிறு வெட்டுகளை விட்டார். பெரிதாக்கிப் பார்த்தால் எலி கடித்த மாதிரி இருக்கும். அச்சில் மை பரவி அந்த வெட்டை நிரப்பியதும் எழுத்து பளிச்சென்று நிற்கும். அந்த எழுத்துகளை அவர் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைந்தார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டு கழித்து அந்தப் பயிற்சி கைகொடுத்தது.

1981இல் நண்பர்களோடு சேர்ந்து 'பிட்ஸ்ட்ரீம்' என்ற டிஜிட்டல் எழுத்துரு நிறுவனத்தையும், 1990களின் தொடக்கத்தில் 'கார்ட்டர் அண்ட் கோன்' நிறுவனத்தையும் தொடங்கினார். ஆக, உலோகம், ஒளி, கம்ப்யூட்டர் என்று அச்செழுத்தின் மூன்று யுகங்களிலும் வேலை பார்த்த கை அது.

இப்போது கதையின் மையத்துக்கு வருகிறேன். வழக்கமாக எழுத்துருவை எப்படிச் செய்வார்கள்? முதலில் அழகான வெளிக்கோடு வரைவார்கள். அதைச் சிறிய அளவில் திரைக்குக் கொண்டுவரும்போது எந்தப் புள்ளி கறுப்பு, எந்தப் புள்ளி வெள்ளை என்று பிறகு சரிக்கட்டுவார்கள். கார்ட்டர் இதைத் தலைகீழாக்கினார். திரையில் அதிகம் பயன்படும் அளவுகளுக்கு முதலில் புள்ளிகளையே வைத்து எழுத்துகளை அமைத்தார். எது நன்றாகப் படிக்க வருகிறது என்று திரையிலேயே பார்த்து முடிவு செய்தார்கள். புள்ளிகள் முடிவான பிறகுதான் அவற்றைச் சுற்றி வெளிக்கோடு வரைந்தார். நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முதலில் புள்ளி, பிறகு சுற்றிக் கோடு. மார்கழி மாத வாசல் கோலம் இதுதானே!

வரைந்த கோடு, சிறிய அளவுகளில் மறுபடியும் அதே புள்ளிகளாகவே திரையில் விழ வேண்டுமே? அதற்கான கட்டளைகளை எழுத்துருவுக்குள் எழுதிச் சேர்க்கும் வேலைக்கு 'ஹின்டிங்' என்று பெயர். மோனோடைப் நிறுவனத்தின் டாம் ரிக்னர் அதைச் செய்தார். பார்க்க யாருக்கும் தெரியாத உழைப்பு. ஆனால் அது இல்லாவிட்டால் கார்ட்டரின் புள்ளிகள் சிதறிப்போயிருக்கும்.

இப்படிப் பிறந்தவைதான் 1996இல் வெளியான வெர்டானாவும் அதன் உடன்பிறப்பான ஜார்ஜியாவும். பசுமையைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லையும் ஹௌலெட்டின் மகள் பெயரையும் சேர்த்து உண்டாக்கிய பெயர் வெர்டானா.

வெர்டானாவின் லட்சணங்களைப் பாருங்கள். சின்ன எழுத்துகளின் உடம்பு உயரம். உள் இடைவெளி தாராளம். எழுத்துக்கு எழுத்து இடம் விட்டிருப்பதால் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி 'எம்' ஆகிவிடாது. ஏரியல் எழுத்துருவில் பெரிய 'ஐ'யும் சின்ன 'எல்'லும் வெறும் குச்சிகள். வெர்டானாவில் பெரிய 'ஐ'க்கு மேலும் கீழும் கட்டை உண்டு. எண் 1க்கு அடிப்பலகை உண்டு. தடித்த எழுத்து ஏன் அவ்வளவு தடிமன் என்று கேட்பீர்கள். ஒரு புள்ளிக் கோட்டைத் தடிக்க வைத்தால் அடுத்தது இரண்டு புள்ளிதான். ஒன்றரைப் புள்ளி என்பது அன்றைய கறுப்பு வெள்ளைக் கணக்கில் கிடையாது!

இரண்டையும் மைக்ரோசாஃப்ட் விலையில்லாமல் கொடுத்தது. 'இணையத்துக்கான அடிப்படை எழுத்துருக்கள்' என்ற திட்டத்தின் கீழ் விண்டோஸ்காரர்களும் மெகின்டாஷ்காரர்களும் இறக்கிக்கொள்ளலாம். 2002இல் அந்த இலவசப் பக்கத்தை மூடிவிட்டார்கள். அதற்குள் இரண்டும் உலகமெங்கும் பரவிவிட்டன. 2009, 2010 வாக்கில்தான் பக்கத்தோடு எழுத்துருவையும் அனுப்பும் வசதி எல்லா முக்கிய பிரவுசர்களிலும் நிலைபெற்றது. அதுவரையில் படிக்க வசதியான எழுத்து என்றால் பெரும்பாலோர் நாடியது இந்த இரண்டில் ஒன்றைத்தான்.

2009இல் ஐக்கியா என்ற நாற்காலி மேசைக் கம்பெனி தன் கேட்டலாக்கை வெர்டானாவுக்கு மாற்றியபோது டிசைன் உலகம் கொதித்தது. திரைக்குப் பிறந்த எழுத்தைக் காகிதத்தில் பெரிதாகப் போட்டால் அழகு குறையும் என்பது அவர்கள் வாதம். நியாயம்தான், காகித எழுத்து திரைக்கு வந்து பட்ட பாட்டை இது திரும்பப் பட்டது. 2011இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 23 டிஜிட்டல் எழுத்துருக்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தபோது அதில் வெர்டானாவும் இருந்தது.

சரி, நமக்கு இதில் என்ன? அதே 1990களில் தமிழும் இணையத்துக்கு வந்தது. எந்த எண்ணில் எந்த எழுத்து என்பதே நம்மவர்களின் பெரும் போராட்டம். ஒரு தளத்தின் எழுத்துரு இன்னொரு தளத்துக்கு உதவாது. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் மாநாடு கூட்டி விவாதித்தார்கள். 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. எண்ணுக்கு ஒரு முடிவு கிடைத்தது. ஆனால் வடிவம்?

'கெட்டான்' என்பதற்கும் 'கேட்டான்' என்பதற்கும் வித்தியாசம் ஒரு சின்னச் சுழி. 'மனம்', 'மணம்' இரண்டுக்கும் அப்படியே. துணைக்காலும் 'ர'வும் பல எழுத்துருக்களில் கீழே ஒரு சின்ன வாலால்தான் வேறுபடுகின்றன. பெரிய 'ஐ', சின்ன 'எல்', எண் 1 விவகாரமேதான் இது! ஆங்கிலத்தில் குழம்பினால் பாஸ்வேர்டு தப்பும். தமிழில் குழம்பினால் கேட்டவன் கெட்டவன் ஆகிவிடுவான்.

"இப்பத்தான் செல்போன் திரையில புள்ளி எக்கச்சக்கமா இருக்கே?" என்று கேட்கலாம். இருக்கிறது. நல்ல தமிழ் எழுத்துருக்களும் இலவசமாகவே வந்திருக்கின்றன, மகிழ்ச்சிதான். ஆனால் பஸ்ஸின் நெற்றியில் ஓடும் எல்.இ.டி. போர்டும், ரயில் நிலைய அறிவிப்புப் பலகையும் இன்னும் எண்ணி வைத்த புள்ளிகள்தாம். போன் இல்லாத பெரியவர் ஊர்ப் பெயரைப் படிப்பது அங்கேதான். மூன்று சுழி 'ண'வுக்கு எத்தனை புள்ளி வேண்டும், எந்தப் புள்ளியை விட்டால் அது இரண்டு சுழி 'ன'வாகிவிடும் என்று திரைமுன் உட்கார்ந்து பார்க்கும் வேலை நிறையப் பாக்கி இருக்கிறது.

இதற்குப் பெரிய லேப் வேண்டாம். கட்டம் போட்ட நோட்டு, பென்சில், பொறுமை இருந்தால் தொடங்கலாம். இலக்கிய மாணவரும் கம்ப்யூட்டர் மாணவரும் கோலம் போடத் தெரிந்த ஒருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். கார்ட்டர் அழகை விட்டுக்கொடுக்கவில்லை. இருக்கும் இடம் எவ்வளவு என்று முதலில் அளந்தார். அழகை அதற்குள் தேடினார். நம் கல்லூரியில் இப்போது படிக்கும் யாராவது ஒருவர் தமிழுக்கு அதைச் செய்தால், அடுத்த மலரில் அவரைப் பற்றிக் கட்டுரை எழுத நான் தயார்.

வாழ்க தமிழ்! வளர்க நம் கல்லூரி!