டேப்ளட் பிறந்த கதை

ரம்புக்கனையைத் தாண்டினால் கண்டிக்குப் போகும் தண்டவாளம் ஒற்றைப் பாதைதான். மலையை வளைத்து வளைத்துக் கடுகண்ணாவைக்கு ஏறும் அதே பாதையில்தான் எதிரே வரும் புகையிரதமும் இறங்க வேண்டும். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பதை நிலைய அதிபர் மனதில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தால் போதாது. அதற்காக மலைநாட்டுப் பாதைக்கு வந்து சேர்ந்ததுதான் டேப்ளட் என்ற உள்ளங்கையளவு உலோக வட்டத்தகடு.

அது பிறக்கக் காரணம் ஒரு விபத்து. 1874 செப்டம்பர் 10 இரவு, இங்கிலாந்தின் நாரிச் அருகே தோர்ப்பில், ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. எதிர்த்திசை ரயிலை விடச்சொல்லி ஒரு தந்தி போயிருந்தது. அது போகவில்லை என்று எண்ணி நாரிச்சிலிருந்தும் ஒரு ரயிலை விட்டார்கள். தவறு தெரிந்து நிறுத்தச் சொன்னபோது, ரயில் புறப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது.

யார் என்ன சொன்னார், எது அனுப்பப்பட்டது என்பதெல்லாம் மனிதர் தலையில் தங்கியிருந்ததே கோளாறு. எட்வர்ட் டயர் என்ற பொறியாளர் அதற்கு மாற்று கண்டுபிடித்து, 1878-இல் காப்புரிமை பெற்றார். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் ஒவ்வொரு பெட்டி. இரண்டுக்கும் இடையே மின் இணைப்பு. மறுமுனை நிலையம் இசைந்தால்தான் ஒரு தகடு வெளியே வரும். அதை இரண்டு பெட்டிகளில் ஒன்றில் திரும்பப் போடும்வரை அடுத்த தகடு வராது. தகடு கையில் இல்லாமல் சாரதி வண்டியை நகர்த்தக் கூடாது. பெரிய வளையம் கோத்த தோல் பையில் தகட்டைப் போட்டு, ஓடும் வண்டியிலேயே கைமாற்றிக்கொள்வார்கள்.

தலையை ஏன் நம்ப முடியாது என்பதற்கு உளவியலின் பதில் பின்னால்தான் வந்தது. 1959-இல் பீட்டர்சன் தம்பதியர் மூன்று எழுத்துகளைச் சொல்லிவிட்டு, உடனே ஓர் எண்ணிலிருந்து மும்மூன்றாகக் குறைத்து எண்ணச் சொன்னார்கள். பதினெட்டு விநாடியில் பெரும்பாலானோருக்கு எழுத்துகள் மறந்துபோயின. தோர்ப் விபத்துக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1974-இல் பேட்லியும் ஹிட்சும் செயல்நினைவை விளக்கினார்கள். கேட்டதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் சிறிது நேரம் பிடித்துவைக்கிறோம். இடையில் மணியடித்தாலோ, ஒரு பயணி கேள்வி கேட்டாலோ அந்த உச்சரிப்பு அறுந்துவிடும். எத்தனை ஆண்டு அனுபவமிருந்தாலும் இதில் விலக்கில்லை. 1915-இல் ஸ்காட்லாந்தின் குவின்டின்சில்லில், தான் வேலைக்கு வந்திறங்கிய ரயிலே தண்டவாளத்தில் நிற்பதை ஒரு சமிக்ஞைக்காரர் மறந்தார். 200 பேருக்கு மேல் மாண்டனர்.

டயர் உளவியல் படித்தவரல்லர். ஆனாலும், ஊழியரை இன்னும் கவனமாக இருக்கச் சொல்லும் வழியை அவர் விட்டுவிட்டார். மறந்தாலும் தப்பு நடக்காதபடி பெட்டியையே பூட்டினார். மனிதருக்கு மிஞ்சியது ஒரே வேலை: தகட்டில் பொறித்த இரு நிலையப் பெயர்களும் தான் போகும் பகுதிக்கு உரியவைதானா என்று சாரதி பார்த்துக்கொள்வது. அதற்கு ஞாபகம் வேண்டாம், வாசிக்கத் தெரிந்தால் போதும்.