எடில்வுட் சுரங்கத்துப் பாட்டுக்காரர்

சென்ற வாரம் வரை கரிக்குழிக்குள் இறங்கியவர்களின் கதையைப் பார்த்தோம். இந்த வாரம், அதிலிருந்து ஏறி வந்த ஒருவரின் கதை.

1882 ஏப்ரலில், ஸ்காட்லாந்திலிருந்து இங்கிலாந்தின் டெர்பிஷயருக்குப் பிழைக்கப் போன ஜான் லாடர் என்ற மண்பாண்டத் தொழிலாளி, போன சூட்டிலேயே நிமோனியா கண்டு இறந்துபோனார். மனைவி இசபெல்லாவின் கையில் ஏழு பிள்ளைகள். மூத்தவன் ஹாரிக்குப் பன்னிரண்டு வயது இன்னும் நிரம்பவில்லை.

தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஆர்ப்ரோத்துக்குப் போனாள். அது அவளுடைய உறவினர்கள் இருந்த ஊர். அங்கே ஹாரிக்கு ஆளிநார் ஆலையில் வேலை கிடைத்தது. ஒரு நாள் ஆலை, மறுநாள் பள்ளிக்கூடம். அந்தக் காலத்துச் சட்டம் குழந்தைத் தொழிலாளிக்குக் கொடுத்த சலுகை அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1884இல், குடும்பம் லானர்க்ஷயரின் ஹாமில்டனில் இருந்த தாய்மாமன் வீட்டுக்கு இடம் மாறியது. ஹாரி எடில்வுட் நிலக்கரிச் சுரங்கத்தில் சேர்ந்தான். வாரத்துக்குப் பத்து ஷில்லிங் கூலி.

ஹாமில்டன் வட்டாரம் சாவைப் பார்த்துப் பழகிய மண். பக்கத்து ஊரான பிளாண்டயரில் 1877இல் நடந்த வெடிவிபத்தில் 207 பேர் மாண்டார்கள். ஹாரி வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், ஹாமில்டனிலேயே உட்ஸ்டன் சுரங்கம் வெடித்து 73 பேர் போனார்கள். குழிக்குள் தேங்கும் எரிவாயுவில் ஒரு பொறி விழுந்தால் போதும். அதனால்தான் காற்றோட்டத்தை நெறிப்படுத்த நடைபாதைகளில் மரக்கதவுகள் போட்டிருப்பார்கள். கரி வண்டி வரும்போது கதவைத் திறந்து, அது போனதும் உடனே மூடுவது சின்னப் பையன்களின் வேலை. மற்ற நேரமெல்லாம் இருட்டில் தனியாக உட்கார்ந்து சக்கரச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கரி வண்டிகளை இழுக்க மட்டக்குதிரைகள் இருந்தன. அவற்றோடு பழகிய நாட்களை ஹாரி கடைசிவரை மறக்கவில்லை.

பத்து ஆண்டுகள் சுரங்கத்தில் உழைத்தார். கூடவே பாடினார். சக தொழிலாளிகள்தான் அவருடைய முதல் ரசிகர்கள். மேடை ஏறச் சொல்லி விரட்டியவர்களும் அவர்களே. பக்கத்தில் இருந்த லார்க்ஹாலில் ஒரு நாள் பாடியதற்கு ஐந்து ஷில்லிங் கொடுத்தார்கள். பாட்டுக்காக அவர் வாங்கிய முதல் கூலி அது. சுரங்கத்தில் சேர்ந்தபோது மூன்று நாள் குனிந்து உழைத்தால் கிடைத்த காசு! 1891இல் சுரங்க மேலாளரின் மகள் ஆன் வாலன்ஸை மணந்தார். கிளாஸ்கோவில் அரங்கம் நடத்திவந்த கிறிஸ்டினா பேலிஸ் என்ற அம்மையார், கச்சேரிக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றி வந்தால்தான் தொழில் படியும் என்று அறிவுரை சொன்னார். 1894 வாக்கில் குழிக்குப் போவது நின்றது.

அவர் பாடப் போன மியூசிக் ஹால் என்பது நம் ஊர்ச் சபா போல அமைதியாக உட்கார்ந்து கேட்கும் இடமில்லை. குடியும் புகையும் கூச்சலும் நிறைந்த கூடம். வித்தைக்காரர், நடனக்காரி, பாடகர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்துகொண்டே இருப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் கூட்டம் முகத்துக்கு நேரே சொல்லிவிடும். அங்கே தாக்குப்பிடிக்க வேண்டுமானால் பல்லவி எளிமையாக இருக்க வேண்டும். இரண்டாவது முறை பாடும்போதே கூட்டமும் சேர்ந்து பாட வேண்டும். நாளெல்லாம் உழைத்துக் களைத்தவனுக்கு எது பிடிக்கும் என்பதை லாடர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

1900 மார்ச்சில் லண்டன் போனார். அங்கத்திய ரசிகர்களுக்குப் புரியும்படி வட்டாரப் பேச்சின் அழுத்தத்தைக் குறைத்துப் பாடினார். அரங்கம் அதிர்ந்தது. பிறகு ஏறுமுகம்தான். கிராமபோன் தட்டுகள், 1907 முதல் அமெரிக்கப் பயணங்கள், 1912இல் மன்னர் முன்னிலையில் நிகழ்ச்சி.

கில்ட், தொப்பி, கோணல்மாணலான கைத்தடி. இதுதான் அவருடைய மேடைக் கோலம். ஸ்காட்லாந்தைக் கேலிப்படம் ஆக்கிவிட்டார் என்று கவிஞர் ஹியூ மெக்டயர்மிட் போன்றவர்கள் கடுமையாகச் சாடினார்கள். அதில் நியாயம் இருக்கிறது. கில்ட் மலைநாட்டு உடை. லாடர் பிறந்ததும் உழைத்ததும் தாழ்நாட்டில். ஆனாலும் அந்தக் கோலத்தை மட்டும் வைத்து அவரை எடைபோடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. புகழின் உச்சியில், 1911இல், உள்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலிடம் அவர் மன்றாடியது தனக்காக அல்ல, சுரங்கத்து மட்டக்குதிரைகளுக்காக! அவற்றின் நிலையை மாற்றச் சட்டம் வேண்டும் என்று கேட்டார். அந்த ஆண்டில் வந்த நிலக்கரிச் சுரங்கச் சட்டத்தில் குதிரைப் பராமரிப்புக்கும் விதிகள் இடம்பெற்றன. அவர் ஒருவரால் வந்ததல்ல, பலர் போராடினார்கள். ஆனால் குழிக்குள் அந்தக் குதிரைகளோடு உழைத்தவரின் வாக்குமூலத்துக்கு ஒரு தனி எடை உண்டு.

முதல் உலகப் போர் மூண்டது. லாடர் படைக்கு ஆள் சேர்க்க மும்முரமாக இறங்கினார். ஒரே மகன் ஜான் ஆர்கைல் அண்ட் சதர்லேண்ட் படைப்பிரிவில் கேப்டன். 1916 டிசம்பர் 28 அன்று பிரான்ஸில் அவன் கொல்லப்பட்டான். புத்தாண்டு அன்று காலை தந்தி வந்தது. லாடர் அப்போது லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி அரங்கில் நடித்துக்கொண்டிருந்தார். நாயகன் இல்லாவிட்டால் நாடகம் நின்றுபோகும். அதை நம்பி வயிறு வளர்ப்பவர்கள் ஏராளம். மூன்றே நாளில் மேடைக்குத் திரும்பினார். நகைச்சுவைப் பகுதிகளை எப்படியோ கடந்துவிட்டார். ஆனால் வெற்றியோடு வீடு திரும்பும் வீரர்களைப் பற்றிய பாட்டு ஒன்றும் அந்த நிகழ்ச்சியில் இருந்தது. அதையும் பாடினார்.

அந்த ஆண்டே ஒரு சிறிய பியானோவை எடுத்துக்கொண்டு போர்முனைக்குப் போய்ப் படைவீரர்களுக்குப் பாடினார். ஓவில்லேயில் இருந்த மகனின் கல்லறையில் விழுந்து அழுதார். திரும்பி வந்ததும், ஊனமுற்ற ஸ்காட்லாந்துப் படைவீரர்களின் மறுவாழ்வுக்காகப் பத்து லட்சம் பவுண்டு திரட்டும் நிதியைத் தொடங்கினார். தான் அனுப்பிவைத்த பிள்ளைகளுக்குத் தான் கடன்பட்டிருப்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே நினைக்கிறேன். 1919இல் சர் பட்டம் வந்தது. மியூசிக் ஹால் கலைஞர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை.

மகனை இழந்த துயரத்தில், பாதை முடியும்வரை நட என்று சொல்லும் ஒரு பாட்டை எழுதினார். 1950இல் லாடர் காலமானார். ஆறு ஆண்டுகள் கழித்து, எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்துப் போட்டிகளுக்குப் போகும் வழியில், பர்மிங்ஹாம் சிட்டி அணியின் ஸ்காட்லாந்து வீரர் அலெக்ஸ் கோவன் பேருந்தில் அந்தப் பாட்டை எடுத்துவிட்டார். அணி பிடித்துக்கொண்டது, ரசிகர்களும் பிடித்துக்கொண்டார்கள். இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியிடம் 3-1 என்று தோற்றார்கள். ஆனால் பாட்டை அவர்கள் விடவில்லை. பர்மிங்ஹாம் மைதானத்தில் இன்றும் அதைப் பாடுகிறார்கள்.

(தொடரும்)